துளியைப் படித்தல்: மரபணுச் சான்றும் அதன் உரையாசிரியர்களும்

சேக்கிழார் காட்டும் வழக்காடு மன்றங்களில் திருவெண்ணெய்நல்லூர் அவையைப் போலச் சுவையானது வேறில்லை. திருமணப் பந்தலில் வந்து நின்ற முதியவர் ஒருவர், மணமகனாகிய நம்பியாரூரரைத் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். கையில் ஓலை வைத்திருக்கிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் அவையில் அதனை நீட்டுகிறார். ஓலையைப் படித்த மாத்திரத்தில் அவையத்தார் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதியதென்று ஐயமின்றித் தெரிந்த வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பிறகே வழக்கை முடிக்கிறார்கள்.

இன்றைய தடயவியல் ஆய்வகத்தில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துளி ஓர் ஓலை. சந்தேகத்துக்கு ஆளானவரிடம் எடுத்த குருதி ஐயமற்ற இன்னோர் ஓலை. இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பழைய அவையில் பாட்டனாரின் எழுத்தை அறிந்த கண் வேண்டியிருந்தது. இன்று எந்திரம் பார்த்துவிடுகிறது, ஆகவே பிழைக்கு இடமில்லை என்னும் எண்ணம் பரவலாக வேரூன்றிவிட்டது. "டி.என்.ஏ. பொய் சொல்லாது" என்பது நம் தொலைக்காட்சித் தொடர்களிலும் தேநீர்க்கடைகளிலும் பழமொழியாகவே ஆகிவிட்டது.

அது பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அது எதையும் சொல்வதுமில்லை. யாரோ ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடந்த நாற்பதாண்டு மரபணுத் தடயவியலின் வரலாறு என்பது, படிப்பதில் எத்தனை சிக்கல் உண்டு என்பதை நீதிமன்றங்கள் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம். அதன் சில கட்டங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. லெஸ்டர், 1984

1984 செப்டம்பர் 10 அன்று காலை, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் மரபியலாளர் ஒரு எக்ஸ்ரே படலத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தார். கடைகளில் விற்கும் பொருள்களின் மீதுள்ள பட்டைக் குறியீட்டைப் போல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான பட்டை வரிசை அதில் தெரிந்தது. பெற்றோரின் பட்டைகள் பிள்ளையிடம் பாதிப் பாதியாக வந்திருந்தன. மறு ஆண்டே இக்கண்டுபிடிப்பு ஒரு குடியேற்ற வழக்கில் பயன்பட்டது. கானாவிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவன் அந்தத் தாயின் மகன்தான் என்று நிறுவப்பட்டது.

அடுத்து வந்தது கொலை வழக்கு. லெஸ்டர் நகரை ஒட்டிய சிற்றூர்களில் 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டிருந்தனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாம் கொலையை ஒப்புக்கொண்டான். முதற்கொலையும் அவன் செய்ததுதான் என்பதை உறுதிப்படுத்தக் காவல்துறை ஜெஃப்ரீஸை நாடியது. முடிவோ வேறாக இருந்தது. இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன். அவன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே தவறென்று தெரிந்தது. 1987இல் வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. காலின் பிட்ச்ஃபோர்க் என்பவன் தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவனை அனுப்பியிருந்தான். மதுக்கூடப் பேச்சொன்றில் அது வெளிப்பட்டுப் பிடிபட்டான்; 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றான்.

இவ்வழக்கில் இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கவை. கொலை வழக்கில் மரபணு செய்த முதல் வேலை ஒருவரை விடுவித்ததே. இரண்டாவதாக, குற்றவாளியை ஆய்வகம் நேரடியாகக் கண்டுபிடிக்கவில்லை. மாதிரியில் ஆள்மாறாட்டம் நடந்திருந்ததை மனிதர் ஒருவரின் பேச்சே காட்டிக்கொடுத்தது. குழாயில் உள்ள குருதி எவருடையது என்று எழுதி ஒட்டுவது மனிதக் கை. அக்கை தவறினால் அறிவியல் முழுவதும் தவறிவிடும்.

2. அடுக்குத்தொடர்

பட்டைகளைப் படிக்கும் அந்தப் பழைய முறைக்கு நிறையக் குருதி தேவைப்பட்டது. 1990களில் அதனிடத்தில் எஸ்.டி.ஆர். என்னும் முறை வந்தது. தமிழ் படித்தவர்க்கு இதை விளக்குவது எளிது. நம் இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்று ஒன்றுண்டு. விரைவோ வெகுளியோ உவகையோ பற்றி ஒரே சொல் இரண்டும் மூன்றும் நான்குமாக அடுக்கி வருவது. மரபணு ஏட்டிலும் சில இடங்களில் பெரும்பாலும் நான்கெழுத்தால் ஆன ஒரு 'சொல்' அடுக்கி வருகிறது. ஒருவருக்கு அது 9 முறை அடுக்கும், இன்னொருவருக்கு 14 முறை அடுக்கும். தாய் வழியில் ஓர் எண், தந்தை வழியில் ஓர் எண் என்று ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள். இத்தகைய இடங்கள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் எண்வரிசையே ஒருவரின் மரபணு விவரம். அமெரிக்கத் தேசியத் தரவுத்தளம் 1998இல் 13 இடங்களைக் கொண்டு தொடங்கியது. 2017 முதல் 20 இடங்களைக் கொள்கிறது.

சிறு துளியிலுள்ள மரபணுவைப் படிக்கும் அளவுக்குப் பெருக்க வேண்டும். அதற்காகப் படிமேல் படியாக எடுத்துக்கொண்டே போகிறார்கள். ஏடு பெயர்த்தெழுதுவோர்க்கு நேரும் பிழைகள் அத்தனையும் இங்கும் நேர்கின்றன. அடுக்கி வரும் சொல்லைப் படியெடுக்கும்போது ஒன்றை விட்டுவிடுவது எழுத்தாளர்க்கு இயல்பு. மரபணுவைப் படியெடுக்கும் நொதியும் அவ்வாறே ஓர் அடுக்கை விட்டுவிடுகிறது. 14 இருக்கும் இடத்தில் ஒரு சிறு 13 தோன்றும். இதைத் 'திக்கல்' என்பார்கள். துளி மிகச் சிறியதாயின் இருக்க வேண்டிய எண்ணே காணாமற் போகும். செல்லரித்த எழுத்தைப் போல. எங்கிருந்தோ வந்த துகளால் இல்லாத எண் புகுந்துவிடுவதும் உண்டு. ஆய்வாளர் முன் இருப்பது முகடுகள் நிறைந்த ஒரு வரைபடம். எது உண்மை முகடு, எது திக்கல், எது அயல்மாசு, எங்கே விடுபாடு என்பதை முடிவு செய்தல் வேண்டும். நாம் பதிப்பியல் வகுப்பில் பாடபேதம், சிதைவு, இடைச்செருகல் என்று கற்பிக்கின்றவற்றோடு இதற்குள்ள ஒற்றுமை வியப்பளிப்பது.

3. ஒதுக்கப்பட்ட இரண்டு பட்டைகள்

இப்படிக்கை எவ்வளவு எளிதில் வழுக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது 1989இல் நியூயார்க்கில் நடந்த காஸ்ட்ரோ வழக்கு. 1987இல் ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு வயதுக் குழந்தையும் கொல்லப்பட்டிருந்தனர். சந்தேகத்துக்குரியவரின் கைக்கடிகாரத்தில் ஒரு குருதிக்கறை. அது அந்தத் தாயின் குருதிதான் என்று தனியார் ஆய்வகம் ஒன்று கோடிக்கணக்கில் எண் சொல்லி உறுதி கூறியது.

பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்டு என்னும் இரு வழக்கறிஞர்கள் அந்த உறுதியைக் கேள்வி கேட்டனர். கணிதத்திலும் மரபியலிலும் தேர்ந்த எரிக் லேண்டர் ஆய்வகத்தின் படலங்களை வாங்கிப் பார்த்தார். ஒரு வரிசையில் 3 பட்டைகள் இருந்தன, ஒப்பிட வேண்டிய மற்றொன்றில் 5 இருந்தன. மிகுந்த இரண்டையும் அயல்மாசு என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூன்றும் ஒத்திருக்கின்றன என்று ஆய்வகம் முடிவு கட்டியிருந்தது. அவை அயல்மாசு என்பதற்குத் தனிச்சான்று எதுவுமில்லை. ஒத்துவராதவை என்பதுதான் அவற்றை ஒதுக்கியதற்குக் காரணம்.

தம் கருத்துக்கு ஒவ்வாத பாடலை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு அக்கருத்தை நிறுவும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். இவ்வழக்கில் நடந்ததும் அதுவே. விசாரணையின் நடுவே அரிதான ஒன்று நிகழ்ந்தது. அரசுத் தரப்பு அறிவியலாளர்களும் எதிர்த்தரப்பு அறிவியலாளர்களும் நீதிமன்றத்துக்கு வெளியே கூடி, இந்தத் தரவு அறிவியல் நோக்கில் நம்பத்தக்கதன்று எனக் கூட்டறிக்கை ஒன்றைத் தந்தனர். கறை சந்தேகத்துக்குரியவரின் சொந்தக் குருதி அன்று என்னும் முடிவை மட்டும் நீதிபதி ஏற்றார். அது தாயின் குருதி என்னும் முடிவை ஏற்க மறுத்துவிட்டார்.

பின்னர் அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். "பார்த்தீர்களா, ஆய்வகம் சொன்னது சரியாகத்தானே இருந்தது?" என்று கேட்போர் உண்டு. முடிவு சரியாக அமைந்ததால் வழி சரியாகிவிடாது. அதே வழியில் நடந்து அடுத்த வழக்கில் குற்றமற்றவர் ஒருவரைச் சென்றடையவும் கூடும்.

4. பசுவும் நான்கு காலும்

ஒப்பு உண்மையென்றே கொள்வோம். அதன் பொருள் என்ன? பத்து லட்சத்தில் ஒருவருக்கே இந்த விவரம் பொருந்தும் என்று நிபுணர் சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று கேட்போர் கொள்கிறார்கள். இது பெரும் பிழை. பசுவுக்கு நான்கு கால் உண்டு என்பதும், நான்கு கால் உள்ளது பசு என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவது, குற்றமற்றவர் ஒருவருக்கு விவரம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பைச் சொல்கிறது. இரண்டாவது, விவரம் பொருந்திய ஒருவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பைச் சொல்கிறது.

1996இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை எளிய கணக்கால் விளக்கியது. பத்து லட்சத்தில் ஒருவர் என்றால், பிரிட்டனில் அவ்விவரம் பொருந்தும் ஆண்கள் ஏறத்தாழ 26 பேர் இருப்பார்கள்; குற்றம் சாட்டப்பட்டவர் அவர்களுள் ஒருவர். வேறு சான்று எதுவும் இல்லையென்றால் மரபணு சொல்வது அவ்வளவே. அதே கணக்கை நம் மாநிலத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆண்கள் ஏறக்குறைய 3 கோடியே 61 லட்சம். எனவே 36 பேர். அந்த 36 பேரில் இவர்தான் என்று காட்டும் பொறுப்பு பிற சான்றுகளைச் சார்ந்தது.

இன்று முழு விவரம் கிடைத்தால் சொல்லப்படும் எண்கள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை என்பது மெய்யே. ஆனால் சிதைந்த துளியிலிருந்து சில இடங்கள் மட்டும் தெரியும்போது எண் மீண்டும் சிறுத்துவிடுகிறது. மேலும் அந்த எண் எந்த மக்கள் கூட்டத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1991இல் ரிச்சர்டு லெவோன்டின், டேனியல் ஹார்ட்ல் ஆகிய இருவரும் இக்கேள்வியைச் 'சயின்ஸ்' இதழில் எழுப்பினர். தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் குழுக்களில், நாட்டுச் சராசரியில் அரிதான ஒரு விவரம் அவ்வளவு அரிதாக இல்லாமற் போகலாம் என்பது அவர்கள் வாதம். இதற்கெனத் திருத்தக் கணக்குகள் பின்னர் வந்தன. சாதிக்குள் மணம், அதிலும் மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் என்னும் வழக்கம் நீடித்த தமிழ் மண்ணில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. உடன்பிறந்தார்க்கும் நெருங்கிய உறவினர்க்கும் விவரம் பெருமளவு ஒத்திருக்கும். சந்தேகத்துக்குரிய மற்றவர் 'தொடர்பற்ற யாரோ ஒருவர்' என்று கொண்டு போட்ட கணக்கு, அவர் பங்காளியாகவே இருக்கும்போது பயன்படாது.

5. பதினேழு பேர் படித்த ஒரே ஏடு

ஒருவர் குருதி தனியே கிடைத்தால் படிப்பது எளிது. மூவர் நால்வர் மரபணு கலந்து கிடந்தால், பல பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஓலையில் எழுதியதைப் போன்றது அது. ஒருவரின் சிறு முகடும் இன்னொருவரின் திக்கலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

இட்டியல் டிரோர், கிரெக் ஹாம்பிகியன் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த கூட்டு வன்புணர்வு வழக்கு ஒன்றில், கலப்பு மாதிரியிலிருந்து ஒருவரை விலக்க இயலாது என்று அரசு ஆய்வாளர்கள் சொல்லியிருந்தனர். உடன் குற்றவாளி ஒருவர் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே தரவை, வழக்கின் பின்னணி எதையும் சொல்லாமல், வேறோர் ஆய்வகத்தின் 17 ஆய்வாளர்களிடம் கொடுத்தனர். முன்னைய முடிவோடு உடன்பட்டவர் ஒருவர். முடிவு சொல்ல இயலாது என்றவர் நால்வர். அந்த மனிதரை விலக்கிவிடலாம் என்றவர் பன்னிருவர். 2002இல் தண்டிக்கப்பட்ட அவர், ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 2020இல் விடுதலை பெற்றார்.

உரையாசிரியர்கள் வேறுபடுவது நமக்குப் புதிதன்று. ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருளும் மணக்குடவர் வேறொரு பொருளும் காண்பதை நாம் செல்வமாகவே கருதுகிறோம். நீதிமன்றத்திலோ அந்த வேறுபாட்டின் விலை ஒரு மனிதரின் பதினெட்டு ஆண்டுகள். இக்காரணத்தாலேயே பின்னர் கலப்பு மாதிரிகளைக் கணிப்பொறி நிரல்களிடம் ஒப்படைத்தனர். நிகழ்தகவு அடிப்படையில், 'இவர் இக்கலவையில் இருக்கிறார்', 'இல்லை' என்னும் இரு கூற்றுகளில் எதற்குத் தரவு எத்தனை மடங்கு வலுச் சேர்க்கிறது என்று அவை கணித்துச் சொல்கின்றன. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் 2016இல் நியூயார்க் மாநில வழக்கு ஒன்றில் ஒரு நிரல் முடிவு கூற இயலாது என்றது, மற்றொரு நிரல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சொன்னது. கலவையில் எத்தனை பேர் என்பதையும், எந்த உயரத்துக்குக் கீழுள்ள முகட்டைப் புறக்கணிப்பது என்பதையும் எங்கோ ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார்.

6. எவருடையது, எப்படி வந்தது

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தொட்ட பொருளிலிருந்தே மரபணு விவரம் எடுக்கலாம் என்று காட்டினர். கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக, கேள்வியின் இயல்பே மாறிப்போனது. துளி எவருடையது என்பதைவிட, அங்கே எப்படி வந்தது என்பது பெரிய கேள்வியாயிற்று.

ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய நாடுகளில் ஏறத்தாழ நாற்பது குற்றங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. கொலையும் இருந்தது, அற்பத் திருட்டும் இருந்தது. 2007இல் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்திலும் அதுவே. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. 2009இல் உண்மை தெரிந்தது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைப் பொதிந்த தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணின் மரபணு அது. கிருமி நீக்கிய குச்சி என்றால் மரபணு நீங்கியது என்று பொருளன்று.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தர் தம் வீட்டில் கொல்லப்பட்டார். அவர் விரல் நகத்தில் கிடைத்த மரபணு வீடற்ற ஒரு மனிதருடையது. அவர் கைதானார். ஆனால் கொலை நடந்த இரவில் அவர் மிகுந்த போதையில் மருத்துவமனையில் கிடந்ததற்கு ஆவணம் இருந்தது. அவரை ஏற்றிச்சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சில மணி நேரத்துக்குப் பின் கொலை நடந்த வீட்டுக்கும் சென்றிருந்தனர். ஆய்வகம் எந்தப் பிழையும் செய்யவில்லை; ஒப்பு முற்றிலும் சரி. மருத்துவமனை ஆவணம் மட்டும் இல்லாதிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்? வீடும் உறவும் சாட்சியும் இல்லாதவர்க்கு அத்தகைய ஆவணம் கிடைப்பது அரிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

7. ஹைதராபாத் முதல் சுருளி வரை

இந்தியாவில் இத்துறையைத் தொடங்கிவைத்தவர் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங். உடலில் பட்டைகள் கொண்ட கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் மரபணுத் துண்டைக் கொண்டு, மனிதரை அடையாளம் காணும் முறையை அவர் உருவாக்கினார். கேரளத்தின் தலசேரியில் 1989இல் ஒரு தந்தைமை வழக்கில் அது ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் பலரும் நினைவுகூர்வது பிரேமானந்தா வழக்கு. 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றத்தில் லால்ஜி சிங் அளித்த மரபணுச் சாட்சியத்தை மறுக்க, எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. நீதிமன்றம் ஹைதராபாத் முடிவையே ஏற்றது. 2005இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. நிபுணர்கள் இருவர் கூண்டில் ஏறி, ஒருவர் படித்ததை மற்றவர் கேள்வி கேட்ட வழக்கு அது என்பது குறிப்பிடத்தக்கது.

பெரும்பாலான வழக்குகளில் அவ்வாறு நடப்பதில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வருகிறது. 'பொருந்துகிறது' என்று ஒரு வரி. ஏழைக் கைதிக்கு எதிர்நிபுணரை வரவழைக்க வழி ஏது? 2022 நவம்பரில், டெல்லி சாவ்லா வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த மூவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மரபணு அறிக்கையின் முடிவுகளுக்கு அடிப்படை என்ன, நிபுணர் உத்திகளை முறையாகக் கையாண்டாரா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்று அது சுட்டியது. கொடூரமாகக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் பெற்றோர்க்கு அத்தீர்ப்பு எத்தகைய இடியாக இறங்கியிருக்கும் என்பதையும் நாம் மறக்கலாகாது. மாதிரியைச் சரியாகக் காவாத பிழை இரு பக்கமும் வெட்டும் வாள். குற்றமற்றவரைத் தூக்குமேடைக்கு அனுப்பவும் செய்யும். குற்றவாளியை வெளியே விடவும் செய்யும்.

நம் மண்ணுக்கு இன்னும் அண்மையது தேனி மாவட்டச் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் இளம் இணையர் இருவர் கொல்லப்பட்ட வழக்கு. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மரண தண்டனை விதித்து உறுதி செய்த ஒருவரை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகளை எடுத்த நாளுக்கும் ஆய்வகத்தில் சேர்த்த நாளுக்கும் இடைப்பட்ட தாமதத்துக்கும், அவை யார் காவலில் இருந்தன என்பதற்கும் ஏற்ற விளக்கமில்லை. அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் சில விதிகளை வகுத்தது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமாயின் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கவோ மறுமுத்திரை இடவோ கூடாது. கை மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் பதிவேட்டில் எழுதி, அதை வழக்கு ஆவணத்தோடு இணைக்க வேண்டும்.

ஓலையைக் காப்பில் வைத்திருந்த திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு இவ்விதிகள் புதுமையாகத் தோன்றியிரா. ஒப்புக்கு வரவழைத்த ஓலை எங்கிருந்து வந்தது, யார் காவலில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் ஒப்புக்கு மதிப்பு இருந்தது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டின் பாடத்தை மட்டும் நம்பி அச்சேற்றவில்லை. ஏடு எவரிடமிருந்து கிடைத்தது, எந்த இடம் சிதைந்துள்ளது, பிற ஏடுகள் என்ன சொல்கின்றன என்றெல்லாம் பார்த்தார். தெளியாத இடத்தைத் தெளியாததாகவே விட்டுவைக்கும் நேர்மை நல்ல பதிப்பாசிரியருக்கு உண்டு. அந்த நேர்மையையே தடயவியல் நிபுணரிடமும் நீதிமன்றம் எதிர்பார்க்க வேண்டும். 'பொருந்துகிறது' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை முகடுகள் ஒதுக்கப்பட்டன, எந்த மக்கள் கூட்டத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது, வேறெந்த வழியில் அத்துளி அங்கு வந்திருக்கக்கூடும் என்று வழக்கறிஞர் கேட்கவும், நிபுணர் விடை சொல்லவும், நீதிபதி அவ்விடையை எழுதிவைக்கவும் வேண்டும். இக்கேள்விகளைக் கேட்பது அறிவியலை அவமதிப்பதாகாது. லெஸ்டரில் வாக்குமூலம் கொடுத்துவிட்ட அந்தப் பதினேழு வயது இளைஞனை விடுவித்தது, முடிந்துபோனதாக எல்லாரும் எண்ணிய ஒன்றை மீண்டும் ஒருமுறை ஒப்புநோக்கிப் பார்த்த அறிவியல்தான்.